நான் ஊற்றிக் கொடுத்த மத்தியானம்

என் மகளின் புது நன்மை விருந்தன்று மத்தியானம் மூன்றரை மணிக்கு, வண்டிச் சாவியைக் கேட்டு எதிரில் நின்ற என் நண்பனை மறுபடி உட்கார வைத்து இன்னொரு கிளாஸ் பிராந்தி ஊற்றிக் கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. "போதும்டா, நிறையா ஆயிடுச்சி" என்றுகூடச் சொன்னான். "எம் பொண்ணு பேரச் சொல்லி ஒண்ணு" என்றேன். மகள் பெயரைச் சொன்ன பிறகு அவன் மறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். குடித்து முடித்தான். சாவியைக் கொடுத்தேன்.

பதினொரு வருஷமாகிறது. அவன் உயிரோடுதான் இருக்கிறான், நல்லபடியாகவும் இருக்கிறான். வடலூரில் பஸ் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நான் போனதில்லை.

நாங்கள் இருவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். அவனுக்குக் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். முதலில் இருவரும் கான்ட்ராக்ட். பிறகு ஒரே பட்டியலில் பெர்மனென்ட் ஆனோம். எனக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவன் அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று ஊரிலிருந்தே பைக்கில் வந்து போனான். டவுன்ஷிப் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு என்னோடு ஷிப்ட் பஸ்ஸில் ஏறுவான். அவனுக்காக இடது பக்க ஜன்னல் சீட்டில் என் சோற்றுப் பையை வைத்திருப்பேன். வேறு யாராவது பையைத் தொட்டால், "ஆளு இருக்கு" என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்களுக்கு வேலை கன்வேயர் பெல்ட்டில். கரியும் மண்ணும் போகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்றால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். நாங்கள் கத்தவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கையாலேயே எல்லாம் பேசப் பழகிவிட்டோம். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால், 'உனக்குப் பிடிச்சது இன்னிக்கி என் டப்பாவில் இருக்கு' என்று அர்த்தம். அவன் நெஞ்சைத் தட்டினான் என்றால் கருவாட்டுக் குழம்பு. நான் தட்டினேன் என்றால் என் மனைவி செய்த ஆட்டுக்கறி. ஐம்பது அடி தூரத்தில் தூசிக்குள் ஒரு மஞ்சள் ஹெல்மெட் நிற்கும். அது நெஞ்சைத் தட்டும். அன்று எனக்கு ஷிப்ட் சீக்கிரம் முடிந்துவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். பூசை முடிந்து நாங்கள் மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பான். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு பலாமரமும் இரண்டு முந்திரியும் உண்டு. பலாமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். என் மனைவி வறுத்து அனுப்புகிற ஈரல். நான் ஊற்றுவேன்.

இதைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் குடியில் அவ்வளவு ஆசை கிடையாது. ஒன்று குடித்தால் தலை வலிக்கும். ஆனால் ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு ஆசை. எதிரில் இருப்பவன் கிளாஸ் காலியாக இருந்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பாட்டிலைச் சாய்த்து, விரல் அளவு பார்த்து, தண்ணீர் கலந்து, துண்டால் கிளாஸின் அடியைத் துடைத்து நீட்டுவேன். அவன் வாங்கி, "ஒன் கைல வாங்கினாத்தான்டா இது எறங்குது" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு அவனுக்கு வேலை செய்யத் தோன்றும். வீட்டில் எது பழுதாகிக் கிடக்கிறது என்று என் மனைவியிடம் கேட்பான். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சத்தம் போடுகிற மின்விசிறி. தரையில் பேப்பரை விரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். என் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாக எண்ணி எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு அவன் சித்தப்பா. என் மனைவிக்கு அண்ணன். எனக்கு என்ன என்று அன்று யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயதில் புது நன்மை. பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாளைத்தான் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அப்படிச் சொல்வோம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. அந்தக் கவுனுக்கு அவன்தான் துணி எடுத்துக் கொடுத்திருந்தான். பூசை முழுக்கக் கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எப்போது மண்டியிட வேண்டும் என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்தான்.

விருந்துக்கு வந்தவர்கள் இரண்டு மணிக்கெல்லாம் கலைந்துவிட்டார்கள். அவனும் நானும் பலாமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் சந்தோஷத்தில் இருந்தேன். வழக்கமாக விரல் வைத்துப் பார்க்கிற அளவை அன்று பார்க்கவில்லை. எத்தனை ஊற்றினேன் என்று எண்ணவும் இல்லை. ஒரு தடவை எழுந்து பாத்ரூமுக்குப் போனவன் கதவைத் தேடித் தவறான பக்கம் போனான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறாள். அவன் பாத்ரூமிலிருந்து வருவதற்குள், ஸ்டூலில் வைத்திருந்த வண்டிச் சாவியை வந்து எடுத்துக்கொண்டு, என்னை உள்ளே கூப்பிட்டு என் கையில் வைத்தாள்.

"அண்ணனைப் போக விடாதீங்க. சாயந்திரம் வரைக்கும் படுத்துட்டுப் போகட்டும்."

"அவனுக்கு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"பண்ணுதோ பண்ணலையோ. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து ஸ்டூலைத் தடவினான். விஷயம் புரிந்து முகம் சுருங்கிவிட்டது.

"என்னாடா, தங்கச்சி சாவிய எடுத்து ஒளிச்சி வச்சிகிதா? அம்மாவுக்கு மாத்திரை வாங்கிகினு போவணும்டா. என்னைக் குடிகாரன்னு நெனச்சிகிச்சா?"

அவன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. என் வீட்டில், என் மகளின் விசேஷத்தில், அவனை யாரோ அவமானப்படுத்திவிட்டது போல எனக்கு ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, ஊற்றினேன்.

நாலரை மணிக்கு அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு யாரோ. வடலூரைத் தாண்டிக் குறிஞ்சிப்பாடி ரோட்டில் வண்டி ஒரு பெண் மேல் மோதிவிட்டது, கடைசியாகப் பேசிய நம்பர் என்பதால் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார்.

நான் குறிஞ்சிப்பாடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தம்மாவைக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது என்றார்கள். ஐம்பது வயது இருக்கும். வடலூரில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர். அவன் தோள்பட்டை எலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தான். அந்தக் களேபரத்தில் அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. 'மது வாடை இருந்தது' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் கண்ணால் கூப்பிட்டான். குனிந்தேன்.

"போலீஸு வந்து எங்க குடிச்சன்னு கேட்டாங்கடா. ரோட்டுக் கடையிலன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. ஒன் பேரு எங்கயும் வரக் கூடாது. புது நன்மை அன்னிக்கி வூட்டு வாசல்ல போலீஸு நின்னா நல்லாவா இருக்கும்? பாப்பா பயந்துக்கும்."

தோள் உடைந்து கிடக்கிறவன் எனக்காக யோசித்து வைத்திருந்தான். எனக்கு அந்த நிமிஷத்தில் வந்தது நன்றியோ துக்கமோ இல்லை. அப்பாடா என்று இருந்தது. என் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற அந்த நிம்மதியை இன்றுவரை நான் அவனிடம் சொன்னதில்லை.

போலீஸ் கேஸில் அபராதம் கட்டினான். லைசென்ஸைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தான். பஸ்ஸில் அவன் சீட்டில் என் பை இருந்தது. வந்து உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. பெல்ட்டில் நின்றால் டீக்கு மட்டும் கை காட்டினோம்.

அந்தம்மா கடலூரில் விபத்து இழப்பீட்டு வழக்குப் போட்டிருப்பதாக நோட்டீஸ் வந்தது. கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது அவனே சொன்னான்.

"வக்கீலு சொல்றாரு, அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்கன்னு எழுதிக் குடுக்கணுமாம். கொஞ்சமாத்தான் குடிச்சிருந்தேன், வண்டி ஸ்டெடியாத்தான் வந்துச்சின்னு."

"அவங்க குறுக்க வந்தாங்களா?"

அவன் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா. புளிய மரம் வரைக்கும் தெரியுது. அப்புறம் கட்டில்தான் தெரியுது. குறுக்க வந்திருந்தாலும் வந்திருப்பாங்க."

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. தனக்கே தெரியாத ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது ஏன் தெரியாமல் போனது என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கடலூருக்குப் போய், தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். முழுவதையும் சொல்லி, "என் மேல என்ன கேஸ் வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராது" என்றார்.

"சாவியும் நான்தான் கொடுத்தேன்."

"வண்டி அவரோடது. சாவியும் அவரோடது. குழந்தைக்கா கொடுத்தீங்க? வயசு வந்த மனுஷன். நம்ம ஊர்ல ஓட்டினவர்தான் பொறுப்பு, அவருக்காக இன்சூரன்ஸ் பொறுப்பு."

"ஊத்திக் கொடுத்தவனுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். வழக்கிலிருந்து தப்பிக்க வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். "சில வெளிநாட்டுல இருக்கு" என்றார். "ஒருத்தர் தள்ளாடறது கண்ணுக்குத் தெரிஞ்சும் மேல மேல ஊத்திக் கொடுத்து அனுப்பினா, அடிபட்டவங்க கடைக்காரர் மேலயும் வழக்குப் போடலாம். ஒரு சில இடத்துல வீட்டுல விருந்து வச்சவங்க மேலயும் போடலாம். இங்க அப்படித் தனியா ஒரு சட்டம் கிடையாது. யாராவது முயற்சி பண்ணிப் பார்க்கலாம், நிக்கறது கஷ்டம். அதுவும் வீட்டு விருந்துல ஊத்தினதுக்கு யாரும் உங்களைத் தேடி வர மாட்டாங்க. நிம்மதியாப் போங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் நினைத்தபோது இருந்த நிம்மதி இப்போது வரவில்லை. யாராவது தேடி வந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால், எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருந்தால், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கடலூர் போய் வந்திருப்போம். இரண்டு பேரும் சேர்ந்து அந்தம்மாவிடம் போய் நின்றிருப்போம். சட்டம் அவனை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் நிறுத்திவிட்டது.

நான் அந்தம்மா வீட்டுக்குத் தனியாகத்தான் போனேன். ரோட்டிலிருந்து உள்ளே நடக்கிற தூரத்தில் வீடு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வலது காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். காலைச் சுற்றி இரும்புக் கம்பி வளையங்கள். சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

"இன்சூரன்ஸா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. உங்க மேல மோதினவரு என் ஃப்ரெண்டு. அன்னிக்கி எங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு. நான்தான் ஊத்திக் கொடுத்தேன்."

மொச்சை உரிப்பதை அவர் நிறுத்தவில்லை. "கடையில குடிச்சாருன்னு இல்ல சொன்னாங்க?"

"என்னைக் காப்பாத்த அப்படிச் சொல்லிட்டாரு."

"நெறையா குடிச்சிருந்தாரா?"

"நெறைய. நடக்கறப்பவே தள்ளாடினாரு. நான் பார்த்தேன்."

"பாத்துட்டும் ஊத்துனீங்களா? அவரு கேட்டாரா?"

"கேக்கல. நானாத்தான் ஊத்தினேன்."

"ஏங்க?"

போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, என் மனைவிகூட இந்த ஒரு சொல்லைக் கேட்கவில்லை. "அவனைச் சந்தோஷப்படுத்தணும்னு இருந்திச்சும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. "நானும் வந்தவங்க வயிறாரச் சாப்புடணும்னு காய் நறுக்கிக் குடுத்துட்டுத்தான் வந்துகினு இருந்தேன்" என்றார். உரித்த தோலைக் கீழே போட்டார்.

"இதை எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப் போவுது? நான் குறுக்க வுழுந்தேன்னு எழுதிக் குடுத்துகிறாங்க. நான் ஓரமாத்தான் போயிகினு இருந்தேன். மண்ணுல. தார் ரோட்டுல கால்கூட வைக்கல. எங்க வூட்டுக்காரரே, பராக்குப் பாத்துகினு நடந்திருப்பன்னு சொல்றாரு. இத்தன மாசமா நானே அப்படித்தானோன்னு நெனச்சிகினு கெடக்கறேன். கோர்ட்டுல வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"சொல்லிட்டுப் போங்க. அதுக்கப்புறம் இங்க வர வாணாம்."

அவனிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட். பஸ் வருவதற்கு முன் ஸ்டாப்பில் சொன்னேன்.

"நான் கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறேன்."

"யாருக்கு?"

"அந்தம்மாவுக்கு. எங்க வீட்டுல எவ்வளவு குடிச்சன்னு சொல்லப் போறேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "ஒன் பேர நான் எங்கயாச்சும் சொன்னனா?"

"சொல்லல."

"யாராச்சும் ஒன்னை வந்து கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் என்னாத்துக்குடா?"

"அவங்க ஓரமாத்தான் நடந்தாங்க. ஒனக்கு ஞாபகம் இல்லாததுக்குக் காரணம் நான்தானே. அதைத்தான் சொல்லப் போறேன்."

"நீ சொன்னா எம் மேலதான்டா விடியும். ஒம் மேல விடியாது. வக்கீலு சொன்னாரு. போதையில ஓட்டுனேன்னு முடிவாயிட்டா, இன்சூரன்ஸ்காரன் அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு எங்கிட்ட வாங்கிக்குவான்."

"தெரியும். நானும் பாதி..."

"வாணாம்" என்றான்.

பஸ் வந்தது. அவன் முன்னால் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். என் பக்கத்து சீட்டில் பையை வைத்தேன். வடக்கத்திக்காரன் ஒருவன் அதைத் தொட்டான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவன் முதல் வரிசையில் அவனுடைய வக்கீலுக்குப் பின்னால் இருந்தான். விருந்தை, பாட்டிலை, அவன் தள்ளாடியதை, என் மனைவி சாவியை எடுத்து வைத்ததை, நான் கொடுத்ததை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போது என் கண் அவன் கைகளுக்கே போனது. பெல்ட்டுப் பக்கத்தில் இருபது வருஷம் அந்தக் கைகள் எனக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தன. அன்று இரண்டும் அவன் தொடைகளுக்கு நடுவில் கோத்துக் கிடந்தன.

அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"உங்க நண்பர் வேணாம்னு சொன்ன பிறகும் நீங்க வற்புறுத்திக் கொடுத்தீங்க. சரிதானே?"

"சரி."

"வண்டி ஓட்டிட்டுப் போவார்னு தெரிஞ்சே சாவியையும் கொடுத்தீங்க."

"ஆமா."

"அப்ப இந்த விபத்துக்கு நீங்களும்தான் பொறுப்பு?"

என்னை மடக்குவதற்காக அவர் கேட்டார். நான் அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். "ஆமாங்க. நானும்தான் பொறுப்பு" என்றேன்.

நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "யார் பொறுப்புன்னு சாட்சி சொல்ல வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். டைப் அடிக்கிற பெண் பக்கம் திரும்பி, "அது வேண்டாம்" என்றார். அந்தப் பெண் விரல்களை எடுத்துவிட்டாள். நான் சொன்னதில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் காகிதத்தில் ஏறவில்லை.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. அந்தம்மா மேல் எந்தத் தவறும் இல்லை. மிதமிஞ்சிய போதையில் ஓட்டியவர்தான் முழுப் பொறுப்பு. இழப்பீட்டை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். நகலை வாங்கிப் படித்தேன். என் பெயர் மூன்றாம் சாட்சி என்று ஒரு வரியில் இருந்தது. 'இவரது சாட்சியம் நம்பத்தகுந்ததாக உள்ளது' என்று எழுதியிருந்தார்கள்.

அவன் கட்ட வேண்டியதில் பாதியை என் மனைவி கையில் கொடுத்து அனுப்பினேன். அவன் அவளை உட்கார வைத்து, சாப்பிட வைத்து, கவரைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டான். அந்த மாதமே இன்னொரு மைன்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஷிப்ட் பஸ் வேறாகிவிட்டது.

அந்தம்மாவை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். வடலூர் பஸ் ஸ்டாண்டில். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார், ஆனால் நடந்தார். கையில் துணிப் பை. வேலை முடிந்து வருகிறார் போல. என்னைப் பார்த்தார். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

நான் செய்தது சரியா என்று என் மனைவியிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "சரிதான்" என்பாள். உடனே, "அண்ணன் வந்து எத்தனை நாளாச்சு" என்பாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். எங்கள் வீட்டு மின்விசிறி சத்தம் போட்டால் இப்போது ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறான். நன்றாகத்தான் செய்கிறான். அந்த ஆள் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது. யாருக்கும் நான் ஊற்றிக் கொடுப்பதில்லை. வீட்டில் பாட்டில் வைப்பதும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டு முனை திரும்பும்போது, கேட் பக்கம் பார்க்காமல் வரவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாரமும் முடிந்ததில்லை.

அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். அவன் போன வருஷமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரில் விவசாயம் பார்க்கிறான். இந்த வைகாசியில் அவன் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை என் மனைவி பெயருக்கு வந்தது. 'குடும்பத்துடன்' என்று அச்சடித்திருந்தது. எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கிளம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவியும் மகளும் போனார்கள்.

சாயந்திரம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார்கள். மகள் உடை மாற்ற உள்ளே போய்விட்டாள். மனைவி தாம்பூலப் பையை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டாரு."

"என்ன கேட்டான்?"

"பந்தியில என் பக்கத்துல வந்து நின்னாரு. 'அவனுக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?'ன்னாரு. படி ஏறத்தான் கஷ்டப்படறாருன்னு சொன்னேன். சரின்னுட்டு, பாயசம் வைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

என் முட்டி வலியை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"'அவனுக்கு'ன்னா கேட்டான்? இல்ல, 'அவருக்கு'ன்னா?"

அவள் யோசித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'அவனுக்கு'ன்னுதாங்க" என்றாள்.